பெட்டிய வாங்கறதுக்கு முன்னாடி போர்ச்ச அளந்துக்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க ஊரு பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னா தான் வெளியூர் பெரியவங்களுக்கு விளங்கும். கொஞ்ச நாளா இங்க இருக்கற தாமான்கள்ல, அதாவது குடியிருப்புகள்ல, புதுசா ஒன்னு பரவிக்கிட்டு வருது. சாமான் ஏத்தற மூடு பெட்டி டிரெய்லர செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, உள்ள பலகை அடிச்சு, படுக்கை, சிங்க், அடுப்பு, விசிறி எல்லாம் போட்டு, வார நாள்ல யுனிசெல் பல்கலைக்கழகம் பக்கம் போய் ஸ்டூடண்டுகளுக்கு தோசை, நாசி லெமாக் விக்கறது, லீவு வந்தா பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு கோல குபு பாரு, கோல சிலாங்கூர்னு காம்பிங் போறது. நல்ல விஷயம் தான், நம்ம பசங்க சொந்தமா ஏதாச்சும் செய்யறாங்கன்னா எனக்கு சந்தோஷம் தான், குத்தம் சொல்ல வரல. ஆனா பெட்டி ரெடியான பிறகு தான் எல்லாருக்கும் ஒரு கேள்வி வருது, இத வீட்டுல எங்க நிறுத்தறது? கார் போர்ச்சுக்குள்ள போகாதுன்னு தெரிஞ்ச உடனே ரோட்டோரத்துல நிக்குது, பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுக்க முடியல, குப்பை லோரி திரும்ப முடியல, அப்புறம் வாட்சாப் குரூப்ல சண்டை. இதுக்கெல்லாம் காரணம் ஒன்னே ஒன்னு தான், வாங்கறதுக்கு முன்னாடி யாரும் வீட்ட ஒழுங்கா அளக்கல, அளந்தவங்களும் கேட்டுல நின்னு அளந்துட்டு போயிட்டாங்க.

நான் தோட்டத்து பட்டறையில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். டிராக்டரும் செம்பனைக் குலை ஏத்தற டிரெய்லரும் தான் என் பொழப்பு. மில்லு ரேம்ப்புல டிரெய்லர பின்னால ஏத்தறப்ப வாலு எப்படி தூக்கும்னு டிராக்டர் ஓட்டற எல்லாருக்கும் தெரியும், அது யாரும் படிச்சுக் கொடுத்து வந்தது இல்ல, ரெண்டு தடவ ஷெட்டு தகரத்த இடிச்சா தானா வந்துரும். தாமான் பசங்களுக்கு அந்த பழக்கம் இல்ல, அதனால தான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா பொறுத்துக்குங்க.

முதல்ல யூடியூப் கதைய முடிச்சிருவோம். பசங்க பார்க்கறது எல்லாம் அமெரிக்கா வீடியோ. அங்க சாதாரண வீட்டு கராஜ் கதவு 7 அடி உயரம், அதாவது 84 இஞ்சு, ஒரு கார் கதவுன்னா அகலம் 8 இல்ல 9 அடி, ரெண்டு கார் கதவுன்னா 16 அடி. அவங்க வாங்கற பெட்டிக்கு 6க்கு 12ன்னு பேரு, ஆனா அந்த 6 அடிங்கறது பெட்டியோட உடம்பு மட்டும் தான், சக்கரம் ரெண்டும் உடம்புக்கு வெளிய நிக்கும், மட்கார்டோட சேர்த்தா 8 அடிக்கு வந்துரும். 12 அடிங்கறதும் அப்படித்தான், முன்னால இழுக்கற டோ பார் சேர்ந்தா 16 அடி. உள்ள 6 அடி உயரம் இருந்தா ஆளு நிக்கலாம்னு ஆசைப்பட்டு வாங்கறாங்க, தரையில இருந்து பெட்டியோட அடித்தளம் ஒன்றரை அடிக்கு மேல இருக்கு, கூரைக்கும் கொஞ்சம் போகும், மொத்தத்துல ஏழே முக்கால் அடிக்கு குறையாது. அங்கயே அது 7 அடி கதவுல நுழையாது. அதனால தான் அந்த ஊரு ஆளுங்க சில பேரு உள் உயரத்த குறைச்சு ஆர்டர் கொடுக்கறாங்க, இல்லன்னா கதவுக்கு மேல இருக்கற சட்டத்த உடைச்சு 8 அடி கதவா மாத்தறாங்க. வீடியோவுல அந்த பாகம் 30 செகண்ட் தான் வரும், படுக்கைக்கு பெயிண்ட் அடிக்கறது மட்டும் அரை மணி நேரம் ஓடும்.

இன்னொன்னு, அமெரிக்காவுல வண்டி ரோட்டுக்கு வலது பக்கம் ஓடுது, அதனால அவங்க பெட்டிக்கு பக்கவாட்டு கதவு வலது பக்கம் இருக்கும், இறங்கினா பிளாட்பாரம். நம்ம ஊருல அதே பிளான் பார்த்து வலது பக்கம் கதவு வெட்டினா இறங்கறவங்க நேரா ஓடற லோரிக்கு முன்னால தான் இறங்கணும், தோசை வாங்க நிக்கறவங்களும் நடு ரோட்டுல தான் நிக்கணும். கரண்டும் அங்க 120 வோல்ட், இங்க 230. அதனால வீடியோ பாருங்க, அளவ மட்டும் அங்க இருந்து எடுக்காதீங்க.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். நம்ம டெரஸ் வீடு பெரும்பாலும் 20 இல்ல 22 அடி அகலம், போர்ச்சுக்கு கதவு கிடையாது, முன்னால கேட்டு, மேல கான்கிரீட் பீம், பீமுக்கு முன்னால கேட்டு வரைக்கும் வீட்டுக்காரங்க போட்ட அவ்னிங் கூரை. ரோட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல லோங்கான், அதாவது சாக்கடை, அதுக்கு மேல சிமெண்டு சரிவு. இந்த சரிவு தான் எல்லா வில்லங்கத்துக்கும் மூலம்.

எங்க பின் வரிசையில ஒரு தம்பி, பேரு வேண்டாம், கெட்டிக்கார பையன். பெட்டி உயரம் 94 இஞ்சு. கேட்டுகிட்ட அவ்னிங் விளிம்பு 102 இஞ்சு, கேட்டுல இருந்து 5 அடி உள்ள இருக்கற பீம் 98 இஞ்சு. ரெண்டையும் அளந்துட்டு, 4 இஞ்சு இடைவெளி இருக்கு அங்கிள், தாராளமா போகும்னான். கூரைக்கு மேல விசிறி வெச்சிருக்கியே அதுக்கு மூடி எவ்வளவுன்னு கேட்டேன், யோசிச்சான். அந்த மாதிரி 14க்கு 14 இஞ்சு ஓட்டையில உக்கார்ற விசிறிக்கு மூடி, மூடி வெச்சாலும் 4, 5 இஞ்சு மேல நிக்கும். 94ல 5 கூட்டினா 99, பீம் 98. தரை கண்ணாடி மாதிரி சமமா இருந்தா கூட போகாது. சரி, விசிறிய கழட்டி பக்கச் சுவத்துக்கு மாத்திடறேன்னான், அப்பவும் போகாதுடா தம்பின்னேன், நம்பல. விசிறிய கழட்டிட்டு ஹைலக்ஸ் பிக்கப்புல கோஸ்தான், அதாவது ரிவர்ஸ், எடுத்தான், அவ்னிங்க பெட்டி அழகா தாண்டிச்சு, எல்லாரும் கை தட்டினாங்க, அதுக்கப்புறம் மேல டக்குன்னு ஒரு சத்தம், வாலோட மேல் விளிம்பு பீம்ல போய் உக்காந்துக்கிச்சு.

ஏன்னு சொல்றேன். பெட்டி சரிவுல ஏறறப்ப அது சரிவோட சேர்ந்து சாஞ்சு தான் நிக்கும், முன்பக்கம் கீழ, வால் மேல. சக்கரம் சரிவோட உச்சிக்கு வர்றப்ப சக்கரத்துக்கு பின்னால இருக்கற 5 அடி உடம்பு போர்ச்சுக்குள்ள அந்தரத்துல நிக்கும், சாஞ்ச மேனிக்கே. 10 அடிக்கு 1 அடி ஏறற சரிவுன்னா அந்த 5 அடிக்கு வால் 6 இஞ்சு தூக்கிரும். 94ம் 6ம் 100, பீம் 98. கேட்டுகிட்ட ஏன் இடிக்கலன்னா, கேட்டு சரிவோட உச்சியிலயே இருக்கு, அந்த இடத்துல பெட்டி எவ்வளவு சாஞ்சாலும் தரைக்கும் கூரைக்கும் அதே 94 தான். உள்ள போகப் போக தான் தூக்கறது தெரியும். அதனால தான் கேட்டுல நின்னு டேப் பிடிச்சு அளந்தவங்க எல்லாரும் ஏமாந்து போறாங்க. சக்கரம் இன்னும் உள்ள வந்துட்டா, முன்பக்கமும் சரிவுல ஏற ஏற, வால் தானா இறங்கிரும், ஆக மோசமான நேரம் அந்த ஒரு இடம் தான், சக்கரம் உச்சியில, வால் பீமுக்கு கீழ. உங்க வீட்டு பீம் 8, 9 அடி உள்ள இருந்தா உங்களுக்கு இந்த தொல்லை குறைவு. 4, 5 அடியில இருந்தா ஜாக்கிரதை.

இத பெட்டி வாங்கறதுக்கு முன்னாடியே வெறும் நூல வெச்சு கண்டுபிடிச்சிரலாம். விக்கறவர் கிட்ட ரெண்டு அளவு கேளுங்க, சக்கரத்தோட நடுவுல இருந்து கொக்கி வரைக்கும் எவ்வளவு, சக்கரத்துல இருந்து வால் வரைக்கும் எவ்வளவு. 12 அடி பெட்டியில சுமாரா 11 அடியும் 5 அடியும் வரும். இப்ப உங்க கேட்டுகிட்ட சரிவோட உச்சியில ஒரு ஆணி, அங்க இருந்து ரோட்டு பக்கம் 11 அடி தள்ளி தரையில ஒரு ஆணி. கொத்தனாருங்க பிடிக்கற நைலான் நூல அந்த ரோட்டு ஆணியில கட்டி, உச்சி ஆணிய தொட்ட மாதிரி இழுத்து, அதே நேர்கோட்டுல போர்ச்சுக்குள்ள இன்னும் 5 அடி கொண்டு போங்க. நூல் போர்ச் தரைய விட்டு மேல நிக்கும் பாருங்க, அந்த நூல்ல இருந்து பீம் வரைக்கும் அளங்க. அது தான் உங்களுக்கு நிஜமா கிடைக்கற உயரம். அந்த தம்பி வீட்டுல அது 92 இஞ்சு தான், பெட்டி 94. நூல் பிடிக்க ஆள் இல்லன்னா டியூப்ல தண்ணி ஊத்தி லெவல் பாருங்க, ரோட்டுக்கும் போர்ச் தரைக்கும் 13 இஞ்சு வித்தியாசம்னா 13ஐ 5ஆல பெருக்கி 11ஆல வகுங்க, 6 இஞ்சு கிட்ட வரும், வால் அவ்வளவு தூக்கும்னு அர்த்தம். ஆறாம் வகுப்பு கணக்கு தான்.

அளக்கறப்ப போர்ச்ச மட்டும் பார்க்காம போர்ச்சுல இருக்கறதையும் பாருங்க. தொங்கற லைட்டு, சீலிங் ஃபேன், பீம்ல ஆணி அடிச்சு கட்டின தோரணம், அவ்னிங்குக்கு கீழ ஓடற தண்ணி குழாய், ஆட்டோகேட்டுக்கு உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற மோட்டார் கை, இதெல்லாம் யாரும் கணக்குல சேர்க்கறதே இல்ல. கேட்டு 11 அடி அகலம்னு சொல்லுவாங்க, ரெண்டு பக்கமும் மடிச்ச கேட்டோட தடிப்ப கழிச்சா 10 அடி கூட தேறாது, 8 அடி மட்கார்ட அதுக்குள்ள நேரா விடணும். அதுவும் எதிர் வீட்டு கார் ரோட்டோரம் நிக்கறப்ப, பாதி வளைஞ்சு வந்து நேராக்கணும். சின்ன டிரெய்லர் பெரிய டிரெய்லர விட சீக்கிரம் மடங்கிக்கும், டிராக்டர்காரங்கள கேட்டுப் பாருங்க.

சரி, இடிக்குது, இப்ப என்ன செய்யலாம்? ஏற்கனவே வாங்கிட்டவங்களுக்கு வழி இல்லாம இல்ல. முன்பக்கத்த தூக்கினா வால் இறங்கும், அவ்வளவு தான் சூத்திரம். ஹைலக்ஸ், ட்ரைட்டன் மாதிரி வண்டியில பால் மவுண்டு, அதாவது டிரெய்லர் கொக்கி உக்கார்ற உருண்டை இருக்கற இரும்புக் கை, கீழ இறங்கின மாதிரி இருக்கும், அத கழட்டி தலைகீழா திருப்பி மாட்டினா அந்த உருண்டை உயரத்துக்கு வந்துரும். 6 இஞ்சு தூக்கினா அந்த 11க்கு 5 கணக்குப்படி வால் 2 முக்கால் இஞ்சு கிட்ட இறங்கும். அந்த தம்பி பெட்டிக்கு 6 இஞ்சு தூக்கறது 3 கால் இஞ்சா குறைஞ்சுச்சு, 4 இஞ்சு இடைவெளி இருக்கு, முக்கால் இஞ்சுல தப்பிச்சு உள்ள போச்சு. அதுக்கு மேல வேணும்னா டயர்ல காத்த கொஞ்சம் இறக்கினா ஒரு இஞ்சு கிடைக்கும், ஆனா போர்ச்சுக்குள்ள போற அந்த கொஞ்ச தூரத்துக்கு மட்டும் தான், அந்த டயரோட ரோட்டுல இறங்காதீங்க, சூடு ஏறி வெடிச்சிரும், வீட்டுலயே சின்ன கம்ப்ரஸர் ஒன்னு வெச்சுக்குங்க. திருப்பி மாட்டின பால் மவுண்டோடயும் ரோட்டுல இழுக்கக் கூடாது, முன்பக்கம் தூக்கிக்கிட்டு போனா வால்ல பாரம் ஏறி டிரெய்லர் ஆட்டம் போடும். கொக்கியில மொத்த பாரத்துல 10ல இருந்து 15 விழுக்காடு உக்காரணும்கறது கணக்கு, அதனால தான் அடுப்பு, சிங்க், தண்ணி டேங்க் எல்லாத்தையும் கொண்டு போய் வால்ல அடுக்காதீங்கன்னு தொண்டை தண்ணி வத்த சொல்றேன், யாரு கேக்கறா.

சக்கரத்த சின்னதாக்கலாமான்னு நிறைய பேரு கேக்கறாங்க. 15 இஞ்சு ரிம்ம 13 ஆக்கினா டயரோட சேர்த்து பெட்டி ஒன்றரை இஞ்சு இறங்கும், இறங்கறது நிஜம், ஆனா சின்ன டயர் தாங்கற பாரமும் குறைவு. காலி பெட்டியே 500 கிலோவுக்கு மேல, அதுல பலகை, பேட்டரி, கேஸ், அரிசி மூட்டை எல்லாம் ஏத்திட்டு டயர்ல கஞ்சத்தனம் காட்டறது எனக்கு பிடிக்கல. நிரந்தரமா இறக்கணும்னா நடுவுல வளைஞ்சு இறங்கின டிராப் ஆக்சில் போடலாம், 4 இஞ்சு இறங்கறது சர்வசாதாரணமா கிடைக்குது, செலவு தான். ஆனா இறக்கிட்டா அடிப்பக்கம் லோங்கான் கிரேட்டிங்ல உரசுதான்னு பார்க்கணும், பெட்டிக்கு கீழ தொங்கற கழிவுத் தண்ணி டேங்கும் வால்ல இருக்கற தாங்கு ஜேக்கும் தான் முதல்ல அடி வாங்கும்.

நீளம் பத்தலன்னு சொல்றவங்களுக்கு, டோ பார மடக்கற கீல் விக்குது, மடக்கினா 2 அடி மிச்சமாகும். ஆனா அது நடுவுல ஒத்தக் கம்பியா வர்ற டோ பாருக்குத் தான் போல்ட்டு போட்டு மாட்டலாம். மூடு பெட்டிங்கள்ல முக்காவாசி ரெண்டு பக்கமும் இருந்து கம்பி வந்து கூம்பா சேர்ற மாதிரி இருக்கும், அத அறுத்து கீல் வெக்கறேன்னு பட்டறைக்காரர் சொன்னா வேண்டாம்னுட்டு வந்துருங்க. பாரத்த இழுக்கற இரும்ப அறுத்து ஒட்டற வெல்டிங்க நான் சும்மா நம்ப மாட்டேன், எவ்வளவு பெரிய வெல்டரா இருந்தாலும்.

அறுக்கறதுன்னு சொன்ன உடனே பீம் ஞாபகம் வருது. எங்க தாமான்ல ஒருத்தர் 3 இஞ்சு தானே, பீம கொஞ்சம் கொத்தி விட்டுரலாம்னு ஆளயே கூட்டிட்டு வந்துட்டாரு. அவங்க அம்மா வாசல்ல நின்னு போட்ட சத்தத்துல அந்த ஆளு மெஷின ஏத்திக்கிட்டு ஓடியே போயிட்டாரு, அந்த அம்மாவுக்கு கோடி புண்ணியம். பீமோட அடிப்பாகத்துல தான் இழுவை தாங்கற இரும்புக் கம்பி ஓடுது, கீழ 3 இஞ்சு கொத்தினா அந்த கம்பிய தான் வெளிய எடுக்கறீங்க, கம்பி மழை காத்துல துருப்பிடிச்சு ஊதி மிச்ச சிமெண்டையும் பேத்துரும். டெரஸ் வீட்டுல உங்க பீம் பக்கத்து வீட்டு தூணோட சேர்ந்தும் இருக்கும். 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துல, 70வது பிரிவுன்னு நினைவு, கட்டடத்துல மாத்தம் செய்யறதுக்கு நகராண்மைக் கழகத்தோட அனுமதி வேணும்னு இருக்கு. கேட்டுக்கு வெளிய இருக்கற சரிவும் லோங்கானும் உங்க நிலமே இல்ல, அத நீளமாக்கி ரோட்டு வரைக்கும் சிமெண்டு ஊத்தறதும் அதே சட்டத்துல மாட்டும், மழை வந்தா லோங்கான் அடைச்சு ஊரே திட்டும். தைரியமா கை வெக்கறதுன்னா உங்க போர்ச் தரையில வெக்கலாம், சக்கரம் ஓடற ரெண்டு தடத்த மட்டும் கொஞ்சம் பள்ளமா இறக்கறது, அதுக்கும் முன்னாடி கீழ கழிவுக் குழாய் எங்க போகுது, மேன்ஹோல் எங்க இருக்குன்னு பார்த்துட்டு, தண்ணி தேங்காம வாட்டம் வெச்சு, அனுமதி கேட்டு செய்யுங்க.

உள்ள போயிருச்சுன்னு வெச்சுக்குவோம். போர்ச் 18 அடி, பெட்டி 16, மிச்சம் 2 அடி. வீட்டு வாசல் கிரில்லு வெளிப்பக்கம் தான் திறக்கும், அதுக்கு 3 அடி வேணும். அதனால வாசல் இருக்கற பக்கம் பெட்டிய விடாதீங்க, மறுபக்க சுவத்த ஒட்டி விடுங்க, ஆளு நடக்க, மோட்டார் சைக்கிள எடுக்க, வீட்டுல வயசானவங்க வீல்சேர்ல இருந்தா அத தள்ள, இடம் விட்டே ஆகணும். ராத்திரி நெருப்பு கிருப்பு பிடிச்சா டெரஸ் வீட்டுல முன்வாசல் தான் வழி, அத பெட்டி அடைச்சுக்கிட்டு நின்னா என்ன ஆகும்? இதுல கேஸ் வேற. 14 கிலோ சிலிண்டர பெட்டிக்குள்ளயே வெச்சு பூட்டிட்டு படுக்கப் போறாங்க. கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையில இறங்கி போர்ச்ச தாண்டி லோங்கானுக்குள்ள படுத்துக்கும், பக்கத்துல யாராச்சும் சாம்பிராணி போட்டா கதை முடிஞ்சுது. வீட்டுக்கு வந்த உடனே வால்வ அடைச்சு சிலிண்டர கழட்டி வெளிய காத்தாடற இடத்துல வெச்சுருங்க.

தள்ளறதப் பத்தியும் ஒரு வார்த்தை. கடைசி கொஞ்ச தூரம் வண்டிய அவுத்துட்டு கையால தள்ளிரலாம்னு நாலு கூட்டாளிங்கள கூப்பிடுவாங்க. சமதரையில சரி. சரிவுல பாதியில பெட்டி நிக்கறப்ப கொக்கிய அவுக்கவே கூடாது, 800, 900 கிலோ கீழ உருள ஆரம்பிச்சா நாலு பேரு என்ன, நாப்பது பேரு பிடிச்சாலும் நிக்காது. சக்கரம் ரெண்டும் போர்ச் சமதரைக்கு வந்த பிறகு, ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, அப்புறம் தான் கொக்கிய அவுக்கணும். தோட்டத்துல இதுக்கு செம்பனை மட்டையோட அடிப்பாகத்தக் கூட வெட்டி கொடுப்போம், தாமான்ல செங்கல் வெக்கறாங்க, செங்கல் நொறுங்கிரும், மரக்கட்டையே போடுங்க.

ரோட்டுல இழுக்கறதுக்கு ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, பதிவு, சோதனை எல்லாம் இருக்கு, உள்ள பலகை அடிக்கறதுக்கு முன்னாடியே போய் கேட்டுக்குங்க, அது தனிக்கதை, இன்னொரு நாளைக்கு யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க எழுதட்டும்.

என்ன செஞ்சாலும் போகாத வீடுங்களும் இருக்கு. தோட்டத்த விட்டு வெளியேறி வந்தவங்களுக்கு கிடைச்ச மலிவு விலை வீடுகள்ல போர்ச்சே சின்னது, சில வீட்டுல கேட்டுல இருந்து வாசலுக்கு 15 அடி கூட கிடையாது. அவங்களுக்கு 12 அடி பெட்டி வேண்டாம், 8 இல்ல 10 அடியில, ஆளு குனிஞ்சு நுழையற உயரத்துல, பக்கச் சுவத்த மேல தூக்கினா கடை ஆகற மாதிரி வீட்டு அளவுக்கே செஞ்சு வாங்குங்க, உள்ள நின்னு தோசை சுடணும்னு என்ன சட்டமா, வெளிய நின்னு சுடலாம். நூல் பிடிச்ச அளவ ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டு போய் பட்டறையில கொடுத்து, மூடி, சோலார் பலகை எல்லாம் சேர்த்து இதுக்கு மேல ஒரு இஞ்சு போகக் கூடாதுன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்க.

ஏற்கனவே பெருசா வாங்கிட்டு ரோட்டோரம் நிறுத்தறவங்களும் பாவம் தான், அவங்க பெட்டி மேல கான்வாஸ போட்டு மூடறாங்க, கான்வாஸ் குழியில மழைத் தண்ணி நின்னு கொசு வளருது, 1975 கொசு ஒழிப்பு சட்டத்துல சுகாதார அதிகாரி வந்து சம்மன் எழுதிட்டு போறாரு, பக்கத்து வீட்டு பிள்ளைக்கு டிங்கி வந்தா பழி முழுக்க இவங்க மேல. இதுக்கு எங்க நகராண்மைக் கழகம் மனசு வெச்சா ஒரு வழி இருக்கு. பாசார் மாலாம், அதாவது ராத்திரி சந்தை, போடற இடம் வாரத்துல முக்காவாசி நாள் சும்மா தான் கிடக்கு, டேவான் மண்டபத்து பக்கத்துலயும் காலி நிலம் இருக்கு. அதுல ஒரு மூலையில வேலி போட்டு, ஒரு லைட்ட போட்டு, மாசத்துக்கு இவ்வளவு வெள்ளின்னு வாங்கிக்கிட்டு டிரெய்லர் நிறுத்த விடலாம். சிறு வியாபாரிங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கறப்பவே ராத்திரி பெட்டி எங்க நிக்கும்னு ஒரு கேள்விய பாரத்துல சேர்த்தா கூட போதும், பாதி சண்டை குறையும். எங்க வட்டார கவுன்சிலர் உங்க பத்திரிகைய தினமும் படிக்கிறவருன்னு கேள்வி, இந்தக் கடிதம் அவர் கண்ணுல பட்டா அடுத்த கூட்டத்துல இதப் பேசச் சொல்லி கேட்டுக்கறேன். நாங்களும் தாமான் ருக்குன் தெத்தாங்கா, அதாவது அக்கம்பக்கத்து சங்கம், மூலமா மனு எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து பட்டறை ஃபிட்டர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்